விருந்தினர் அறைக்குப் பச்சை

1

இந்தக் கதை ஒரு காகிதத்திலிருந்து வந்தது. கற்பனை, உள்ளொளி என்றெல்லாம் சொல்லி உங்களை ஏமாற்ற நான் தயாரில்லை. ஒரு வீட்டுக்குப் பெயின்ட் வேலைக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. கூடம்: சாம்பல். படுக்கையறை: சாம்பல். விருந்தினர் அறை: சாம்பல்.

விருந்தினர் அறைக் கதவைத் தள்ளினால், உள்ளே ஒரு அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்கடியில் நாலைந்து ஜோடிச் செருப்பு, எல்லாம் ஒரே பக்கம் தேய்ந்தவை. விருந்தாளிக்கு எதற்கு அத்தனை பழஞ்செருப்பு? கேட்க வேண்டியதுதானே? கேட்கவில்லை. சாம்பல் அடித்துவிட்டு வந்தேன்.

நடந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் சொல்லப்போகும் பொய். அந்தப் பொய்யில் அறை வேறு நிறத்தில் இருக்கும்.

2

முதல் தொடக்கம் இப்படி வந்தது: "இளங்கதிரவனின் பொற்கரங்கள் சுவரை வருட—"

அடித்துவிட்டேன். கதிரவனுக்குக் கை கிடையாது.

இரண்டாவது: "நிறம் என்பது ஆன்மாவின்—"

இதையும் அடித்தேன். ஆன்மாவுக்கு நான் பிரைமர் பூசியதில்லை.

மூன்றாவது: டிசைனர் வந்தாள்.

இது நிற்கும். (உள் அலங்கார வடிவமைப்பாளர் என்று எழுத வேண்டுமாம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் முதல் கோட்டு பெயின்ட் காய்ந்துவிடும்.)

டிசைனருக்குப் பதினைந்து வருஷத் தொழில். அவளுக்கென்று ஒரு முறை உண்டு. கடையில் தரும் கலர் அட்டையைத் தொடமாட்டாள். "தபால்தலை அளவு நிறத்தைப் பார்த்துச் சுவரை முடிவு பண்றது, கட்டைவிரலை மட்டும் பார்த்துட்டு மாப்பிள்ளை பிடிச்சிருக்குன்னு சொல்ற மாதிரி" என்பாள். கதவளவு பலகைகளில் நிறத்தை அடித்து, ஒவ்வொரு அறையிலும் மூன்று நாள் சாய்த்துவைப்பாள். காலையில் அது ஒரு முகம் காட்டும், மத்தியானம் வேறு முகம், டியூப் லைட் போட்டதும் இன்னொன்று. மூன்றையும் சகித்துக்கொள்ள முடிகிற நிறம்தான் சுவரில் ஏறும்.

பிறகு அந்த வீட்டில் வசிக்கிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பாள். "காலையில கண்ணு முழிச்சதும் எதைப் பார்க்கறீங்க?"

சுவரிலும் துணியிலும் வருகிற டிசைன்களுக்கும் சட்டம் வைத்திருந்தாள். ஓர் அறையில் பெரிசு ஒன்று, நடுத்தரம் ஒன்று, பொடிசு ஒன்று. மூன்றும் ஒரே அளவில் இருந்தால் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்குமாம். அப்புறம், ஒரு வாசலில் நின்றால் எட்டித் தெரிகிற நிறம், நாம் நிற்கிற அறையிலும் ஒரு கைப்பிடியாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறைகள் பேச்சுவார்த்தை அறுந்த பங்காளிகள் மாதிரி ஆகிவிடும்.

(இந்தச் சட்டங்களைக் கேட்டு நான் சிரித்தவன்தான். சாம்பல் பூசிய வீடுகளில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியாமல் போனபிறகு சிரிப்பதை நிறுத்தினேன்.)

3

கதைக்குள் போகலாம்.

வீட்டுக்காரன், வீட்டுக்காரி. இருவருக்கும் வீடு முழுக்கச் சாம்பல் வேண்டும். ஓட்டலில் தங்கிய மாதிரி இருக்கணும் என்பது வீட்டுக்காரியின் ஆசை. கூடத்திலும் படுக்கையறையிலும் பலகைகள் நின்றன. விருந்தினர் அறையில் வைக்கவில்லை. அங்கே கண் விழிக்க யார் இருக்கிறார்கள்?

மூன்றாம் நாள் ஒரு அம்மாள் டிசைனருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஐம்பது வயதிருக்கும். முந்தின இரண்டு நாளும் அவள்தான் கொடுத்தாள். வீட்டுக்காரனின் அக்கா என்று தெரியும்.

"ஊருக்கு எப்பக்கா கிளம்பறீங்க?" என்று டிசைனர் கேட்டாள். "நீங்க கிளம்பினதும் அந்த ரூமைத் தொடங்கிடலாம்."

"கிளம்பறதா?" அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டாள். "நான் இங்கதாம்மா இருக்கேன். பதினோரு வருஷமா."

டிசைனருக்குக் காது சுட்டது.

சமையலறையிலிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "ஐயோ, கெஸ்ட் ரூம்னு சும்மா ஒரு பேச்சுக்கு எழுதினது மேடம். அண்ணி தப்பா எடுத்துக்க மாட்டாங்க. இல்ல அண்ணி?"

அண்ணி வாய் திறப்பதற்குள், "மாட்டாங்க" என்று அவளே முடித்துவிட்டாள்.

4

இங்கே எனக்கு டிசைனர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நான் பார்த்த டிசைனர்கள் "சாரி" சொல்லிவிட்டுப் போனைப் பார்ப்பார்கள். இவள் மட்டும் ஏன் பலகையைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குப் போகிறாள்?

காரணம் ஒன்று எழுதினேன்: "அவளுக்கும் சின்ன வயதில் ஒரு அத்தை—"

அடித்தாகிவிட்டது. ஒருத்தி நியாயமாக நடந்தால் உடனே ஒரு அத்தையைச் சாகடிப்பது எழுதுகிறவர்களின் சோம்பேறித்தனம். அவளுக்கு இருந்தது தொழில் ரோஷம். எல்லாரிடமும் கேட்பேன் என்று பீற்றிக்கொண்டவள், ஒரு தாளை நம்பி ஓர் ஆளை விட்டுவிட்டாள். அது பொறுக்கவில்லை. நல்ல மனசைவிட ரோஷத்தைத்தான் நான் நம்புவேன்.

ஆகவே போனாள். கேட்டாள்.

"முழிச்சதுமா?" அக்கா யோசித்தாள். "கதவைப் பார்ப்பேன். வெளிய நடமாட்டம் இருக்கான்னு. அவங்க எழுந்துக்கறதுக்கு முன்னாடி நான் போய் உருட்டினா நல்லாவா இருக்கும்?"

"கதவை விடுங்க. சுவர்ல என்ன இருக்கணும்?"

"பச்சை."

யோசிக்காமல் வந்த பதில். பதினோரு வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்தவள் மாதிரி. டிசைனர் ஓடிப்போய் ஒரு பச்சைப் பலகை அடித்து எடுத்துவந்தாள். அக்கா அதைச் சன்னலோரம் சாய்த்தாள், பின்னால் நகர்ந்தாள், தலையை ஆட்டினாள்.

"நீலம் தூக்கலா இருக்கு. டியூப் லைட்ல கருத்துப் போயிடும். ஒரு துளி மஞ்சள் விடுங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"நூல் கம்பெனியில ஷேடு பார்க்கிற வேலைம்மா எனக்கு. துணிக்கும் நூலுக்கும் பொருத்தம் சொல்லிச் சொல்லியே கண்ணு பூத்துப்போச்சு."

சாயங்காலம் லைட் போட்டுப் பார்த்தார்கள். கருத்துத்தான் போயிருந்தது. டிசைனரின் பதினைந்து வருஷத் தொழிலை அக்கா ஒரு துளியில் கவிழ்த்துவிட்டாள். ஆனால் டிசைனர் முகத்தில் எரிச்சல் இல்லை. கூட்டு கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது.

5

மூன்று நாள் வேலை. வீட்டுக்காரன் வெளியூரில் இருந்தான்; வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "அவர் வந்து பார்த்துக்கட்டும்" என்று விட்டுவிட்டாள். அடர்ந்த பச்சைச் சுவர். கட்டில் தலைமாட்டில் கடுகு மஞ்சளில் ஆளுயர இலைகள், தகட்டை வெட்டி வைத்து அச்சுப்பதித்தது. திரையில் கோடு, விரிப்பில் புள்ளி. அக்காதான் எல்லாவற்றுக்கும் ஷேடு சொன்னாள்.

(கதையில் ஒரு பெயின்டரும் இருக்கிறான். அது நானில்லை. அவனுக்கு வாய் இருக்கிறது.)

"அக்கா, இனிமே உங்களைத் தேடணும்னா இலையை விலக்கித்தான் பார்க்கணும்" என்றான் பெயின்டர்.

"தேடட்டுமே. இத்தனை நாள் யாரு தேடினா?"

பெயின்டர் ரோலரை வைத்துவிட்டுச் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

அறை முடிந்ததும் டிசைனர் கூடத்தில் நின்று பார்த்தாள். திறந்த கதவு வழியே பச்சை தெரிந்தது. கூடத்தில் ஒரு கைப்பிடிப் பச்சைகூட இல்லை. கதவைச் சாத்திவிட்டால் பிரச்சினை தீரும். அவள் சாத்தவில்லை. கூடத்து அலமாரியின் உட்பக்கம் முழுவதையும் அதே பச்சையால் அடித்தாள்.

இது வம்பு என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். விட்டுவிட்டேன்.

6

வெளியூர் வேலை முடிந்து வீட்டுக்காரன் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன மேடம் இது, காடா?"

"உங்க அக்கா ரூம் சார்."

"லிஸ்ட்ல சாம்பல்னு போட்டிருந்தேன்."

"கெஸ்ட் ரூம்னு போட்டிருந்தீங்க. அப்படி ஒரு ரூம் இந்த வீட்ல இல்ல. தேடிப் பார்த்துட்டேன்."

"நாங்க என்ன அவளைத் தெருவிலயா விட்டோம்? என்ன குறை வெச்சோம்?"

(உண்மைதான். அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் அவன். அப்படி உட்காரவும் முடியும், விருந்தினர் என்று எழுதவும் முடியும். அவனைக் கெட்டவனாக எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபம்.)

"நாளைக்கு இது சாம்பல் ஆகணும். இல்லைன்னா நீங்க கிளம்பலாம். வேற ஆளை வெச்சு அடிச்சுக்கறேன்."

"கிளம்பறேன். என் கையால அங்க சாம்பல் ஏறாது."

"என் கையாலயும் ஏறாது" என்றான் பெயின்டர்.

"உன்னை யாருப்பா கேட்டா?"

"என்னையும் கேட்க வேண்டாம், மேடத்தையும் கேட்க வேண்டாம். அந்த ரூம்ல படுக்கிறவங்களைக் கேளுங்க சார்."

"அண்ணிக்கு எதுன்னாலும் சம்மதம்தான்" என்று வீட்டுக்காரி ஆரம்பித்தாள். "அவங்க என்னிக்கு—"

"அவங்களுக்குப் பச்சைதான் பிடிக்கும். எனக்குத் தெரியும்" என்றாள் டிசைனர்.

வீட்டுக்காரன் இருவரையும் கையமர்த்தினான். அறை வாசலில் நின்றுகொண்டிருந்த அக்கா பக்கம் திரும்பினான். குரல் இறங்கியிருந்தது.

"நீ சொல்லுக்கா. உனக்கு என்ன வேணும்?"

7

முடிவுகள் மூன்று எழுதினேன்.

ஒன்று: தம்பி இலைகளைப் பார்க்கிறான், மனம் உருகுகிறான், அழுகிறான். கிழித்துப்போட்டேன். ஈரச்சுவரில் பெயின்ட் நிற்காது.

இரண்டு: அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலைநிமிர்ந்து வெளியேறுகிறாள். படித்துப் பார்த்த ஒருவர், "இதுதான் புரட்சி, இதையே வைங்க" என்றார். எனக்கு ஒப்பவில்லை. அவள் போய்விட்டால் அது நிஜமாகவே விருந்தினர் அறை ஆகிவிடும். பட்டியல் எழுதியவன் ஜெயித்துவிடுவான்.

மூன்று: மறுநாள் வேறொருவன் வந்து சாம்பல் அடிக்கிறான். இதை எழுத நான் எதற்கு?

ஆகையால் முடிவு கிடையாது. நான்காவதாக ஒன்று யோசித்து வைத்திருந்தேன், அக்கா பேசுவதற்கு நல்ல கூர்மையான வசனம். கைதட்டலே கிடைக்கும். எழுதமாட்டேன். பதினோரு வருஷமாக அவளுக்குப் பதிலாக எல்லாரும் பேசியாகிவிட்டது. தம்பி மனைவி பேசினாள். டிசைனர்கூட, நல்லது நினைத்துத்தான், முந்திக்கொண்டு பேசினாள். இத்தனை பக்கமாக நானும் பேசுகிறேன். இனி ஒரு சொல்லை அவள் வாயில் திணித்தால், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

நீங்களும் அவசரப்படாதீர்கள். "பச்சையே இருக்கட்டும்" என்று மனசுக்குள் சொல்லிவிட்டீர்கள், தெரியும். உங்களை யார் கேட்டது?

எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்கள். அக்கா தொண்டையைச் செருமுகிறாள்.