இரை எடுக்காத குட்டி

டூங்கபி என்ற புறநகரில் தாட்சாயினியின் வீட்டுக்கு வந்து இருபத்தாறு நாளாகியும் அந்தப் பாம்புக்குட்டி ஒரு வாய் இரை எடுக்கவில்லை.

பென்சில் பருமன்கூட இல்லாத மலைப்பாம்புக்குட்டி. முழுக்க வளர்ந்தாலும் ஒரு மீற்றருக்கு அதிகம் போகாத சாதுவான இனம். உரிமம் எடுத்து, பெட்டிக்கு அடியில் சூட்டுப்பாய் விரித்து, எல்லாம் முறையாகச் செய்துதான் வாங்கியிருந்தாள். விற்றவரிடம் இருந்தபோது இரண்டு தரம் தின்றதாம். இங்கேயோ, உறையவைத்து விற்கும் செத்த எலிக்குஞ்சை வெந்நீரில் சூடாக்கி இடுக்கியால் நீட்டினால், கண்டதும் தலையை இழுத்துக்கொண்டு சுருண்டுவிடுகிறது.

தாட்சாயினி பதினொரு வருடமாகக் குறைமாதக் குழந்தைகளின் வார்டில் தாதி. ஒவ்வொரு கிராமுக்கும் மல்லுக்கட்டிப் பழகியவள். அதனால் தினமும் காலையில் குட்டியைத் தூக்கிச் சின்னத் தராசில் வைத்து, நிறையைச் சுவரில் ஒட்டிய தாளில் எழுதினாள். வந்த நாளில் எட்டு கிராம். இன்றைக்கு ஏழுக்கும் கீழே.

கணவன் சுகிர்தன் பாம்புப் பெட்டி இருந்த அறைக்குள் கால் வைப்பதில்லை. வாசலில் நின்றபடி சொன்னான்: "வித்த ஆள் மாத்தித் தாறன் எண்டு சொன்னவரெல்லே. மாத்திக்கொண்டு வாருமன்."

"அப்ப இதை அவர் என்ன செய்வார்?"

அவன் வாசலில் நின்றே பெட்டியை எட்டிப் பார்த்தான்.

"எங்கட வார்டில பால் குடிக்காத பிள்ளையை மாத்திக் குடுக்கிறேல்லை."

"அது மனுசப்பிள்ளை, தாட்சா."

"என்னெண்டாலும் நான்தானே கொண்டு வந்தனான். சாக விடமாட்டன்."

அந்தச் சனிக்கிழமையே ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் போனாள். டொக்டர் கேத்ரின் மலேசியத் தமிழர். குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றைத் தடவினார். பிறகு, தாட்சாயினி கையோடு கொண்டுபோயிருந்த தாளை எடுத்து நீண்ட நேரம் வாசித்தார்.

"ரியூப் போட்டு ஊட்டேலாதா டொக்டர்? எனக்குக் கை பழக்கம்."

"ஊட்டலாம். ஆனா அது கடைசி வழி. குட்டிக்கு நோய் ஒண்ணும் இல்ல. நீங்க தினமும் தூக்குறீங்க, நிறுக்கிறீங்க, மூடியைத் திறந்து பார்க்கிறீங்க. உங்களைப் பார்த்தாலே அதுக்குப் பயம்."

தாட்சாயினிக்கு முகம் சுட்டது. "அப்ப நான் என்ன செய்ய?"

"ஒரு வாரம் தொடாதீங்க. தண்ணி மட்டும் வைங்க." ஒரு சின்னப் போத்தலை நீட்டினார். கிளினிக்கில் வளரும் பல்லி உரித்த தோல் அதற்குள் இருந்தது. "காட்டுல இந்த இனத்துக் குட்டிங்க முதல்ல பிடிக்கிறது பல்லியைத்தான். இரையை இதுல தேய்ச்சுக் கொடுங்க."

வீட்டுக்கு வந்ததும் தராசைச் சுகிர்தனிடம் கொடுத்தாள். "ஒளிச்சு வையுங்கோ. கேட்டாலும் தராதேங்கோ."

மூன்றாம் நாளே கேட்டாள். அவன் தரவில்லை. வார்டில் கையும் காலும் ஓயாமல் ஓடுகிறவளுக்குச் சும்மா இருப்பதுதான் பெரும் பாடாக இருந்தது. பெட்டியைத் துணியால் மூடி, அறைக் கதவைச் சாத்தி, தேவையில்லாமல் தோட்டத்தில் களை பிடுங்கினாள்.

எட்டாம் நாள் மாலை, எலிக்குஞ்சைப் பல்லித்தோலில் தேய்த்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள். ஒரு மணித்தியாலம் கழித்துப் போனபோது இரை இல்லை. குட்டியின் நடுவயிறு புடைத்திருந்தது.

சந்தோசத்தில் அவளுக்குப் புத்தி மழுங்கிவிட்டது. அடுத்த நாள் காலை, அந்தப் புடைப்பைப் பார்க்கவென்று குட்டியைக் கையில் எடுத்தாள். மத்தியானம் வந்து பார்த்தால், தின்ற அத்தனையையும் கக்கிவிட்டுக் கிடந்தது.

யாரை நோவது? தானே செய்த பிழை. கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு டொக்டருக்குப் போன் எடுத்தாள்.

"பத்து நாள் பட்டினி போடணும், வயிறு ஆறட்டும். அப்புறம் பாதி எலிக்குஞ்சு மட்டும் கொடுங்க. முயற்சியை விட்டுடலாம்னு நினைக்கிறீங்களா?"

"இல்லை டொக்டர். பாதி எண்டால் எந்தப் பாதி?"

கேத்ரின் சிரித்துவிட்டார். "பின்பாதி. அது மென்மையா இருக்கும்."

பதினோராம் நாள் பின்பாதியை வைத்தாள். குட்டி தின்றது. இந்தமுறை அறைக் கதவில் 'தொடாதே' என்று தனக்குத்தானே எழுதி ஒட்டினாள். தண்ணீர் மாற்றும்போதுகூட அதன் பக்கம் பார்க்கவில்லை. வேலைக்குப் போனாலும் நினைப்பு மட்டும் குட்டியிடமே நின்றது.

தின்று ஆறாம் நாள் பெட்டியின் மூலையில் ஒரு சிறு எச்சம் கிடந்தது. தின்றது செரித்திருக்கிறது.

"இஞ்ச ஓடி வாங்கோ!"

என்னவோ ஏதோ என்று ஓடிவந்த சுகிர்தன், முதல்முறையாக அறைக்குள் வந்துவிட்டதையே கவனிக்கவில்லை. "என்ன, செத்துப்போச்சோ?"

"இல்லையப்பா. கக்கா போயிருக்குது!"

அவன் குனிந்து எச்சத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இதுக்கோ இந்தச் சத்தம்?" என்றான். ஆனாலும் உடனே வெளியே போகவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து நாளுக்கு ஒருமுறை பாதி, பிறகு முழுசு. ஐந்தாம் தடவை பல்லித்தோலில் தேய்க்காமலே நீட்டினாள். குட்டி நாக்கை இரண்டு தரம் வெளியே விட்டுப் பார்த்தது. அடுத்த கணம் பாய்ந்து, இடுக்கியிலிருந்து இரையைப் பறித்துக்கொண்டு சுருண்டது.