ஏரி மண் சொன்ன சாட்சி

சாலம்மாள் கேபிள் திருடியதைப் பார்த்ததாகச் சொல்ல மனிதர்கள் யாரும் கோர்ட்டுக்கு வரவில்லை. மண்தான் வந்தது. பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, அரக்கு முத்திரை வைத்து, பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார வைத்து ஒரு போலீஸ்காரர் அதைக் கூட்டி வந்தார். மண்ணுக்கு டிக்கெட் எடுத்தாரா என்பது மட்டும் ரிக்கார்டில் இல்லை.

கச்சிராயபாளையத்துக்குக் கிழக்கே ஒரு ஏரிக்கரையில் நாராயணசாமியின் மோட்டார் கொட்டகை இருக்கிறது. மார்கழியில் ஒருநாள், அங்கே பூமிக்குள் புதைத்திருந்த செம்பு கேபிளை எவனோ தோண்டி எடுத்துப் போய்விட்டான். நாராயணசாமி பதினெட்டு ஏக்கர் கரும்புக்காரர். யார்மேல் சந்தேகம் என்று ஸ்டேஷனில் கேட்டதும், கூலிக்காரி சாலம்மாள் பெயரைச் சொன்னார். அதற்கு முந்தின கிராம சபையில்தான் அவள் எழுந்து நின்று, "ஊரு ஏரித் தண்ணிய ஒரே ஆளு மோட்டாரு வச்சு உறிஞ்சிக்கினு இருக்காரு, அத்த எழுதிக்கோங்க" என்று சொல்லியிருந்தாள்.

போலீஸ் அவள் வீட்டைப் புரட்டிப் பார்த்தது. கேபிள் இல்லை. மண்வெட்டி கிடைத்தது. மண்வெட்டியில் மண் ஒட்டியிருந்தது. இப்படியும் உலகத்தில் நடக்குமா என்று வியந்து அதைச் சுரண்டி எடுத்து, கொட்டகை ஓரத்து மண்ணோடு சோதனைச்சாலைக்கு அனுப்பினார்கள். இரண்டும் ஒரே மண் என்று ரிப்போர்ட் வந்தது.

பதினேழு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தாள் சாலம்மாள். களை எடுக்கப் போனால், வரப்பில் வைத்திருந்த தூக்குவாளிகளைப் பெண்கள் தூக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். பழைய சோற்றுக்கு அப்படி ஒரு காவல்.

கோர்ட்டு ஏற்பாடு செய்த இலவச வக்கீல் ஜெயசுதா நல்ல பெண். ஆனாலும் தயங்கினாள்.

"அக்கா, ஒத்துக்கினீங்கன்னா உள்ள இருந்த நாளையே தண்டனையா கழிச்சுட்டு வுட்ருவாங்க. இன்னியோட முடிஞ்சிடும்."

"இன்னா முடியும்? நீங்க டவுனுக்குப் போயிடுவீங்க. நான் அதே ஊருல திருடியா களை எடுத்துக்கினு இருக்கணும். தொடாத கேபிள தொட்டேன்னு சொல்ல மாட்டேன்."

"ரெண்டு மண்ணும் ஒண்ணுன்னு ரிப்போர்ட்டு சொல்லுதுக்கா."

"ஒண்ணுதான். அத்த யாரு இல்லேன்னது?"

ஜெயசுதா பேனாவை மூடி வைத்தாள். சாலம்மாள் சொல்ல ஆரம்பித்தாள்.

போன கோடையில் ஏரியைத் தூர்வாரினார்கள். வண்டல் மண்ணை இலவசமாக அள்ளிக்கொள்ளலாம் என்று உத்தரவு. நாற்பது டிராக்டர் ஓடின. கல்வராயன் மலை நூறு வருஷமாக மழையில் கரைத்து அனுப்பிய மண்ணைப் பதினோரு நாளில் வாரி முடித்தார்கள். ஏரி எவ்வளவு ஆழமாகிப் போனதென்றால், மேலே வரும் கெண்டைகள் பாதி வழியில் நின்று இளைப்பாறிவிட்டுத்தான் வந்தன. மண்ணின் வளத்தையும் சொல்ல வேண்டும். அதில் ஊன்றிய வேலிக்கல் இரண்டு இலை விட்டதைப் பஞ்சாயத்துத் தலைவரே பார்த்திருக்கிறார். தேர்தல் இல்லாத வருஷங்களில் அவர் பொய் பேசுவதில்லை.

அந்தப் பதினோரு நாளும் டிராக்டரில் ஏறிப் போய், சட்டியில் சுமந்து மண் கொட்டினவள் சாலம்மாள். எந்த லோடு எங்கே போனது என்று தாசில்தாருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

"எங்க ஊருல அந்த மண்ணு ஒட்டாத மண்வெட்டி ஒண்ணுதான் இருக்குது, வக்கீலம்மா. நேத்து கடையில வாங்குனது."

அடுத்த வாய்தாவில் சோதனைச்சாலை நிபுணர் தமிழரசன் கூண்டேறினார். அமைதியான மனிதர். மண்ணின் நிறம், துகள், கனம் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார்.

"இந்த ரெண்டைத் தவிர வேற மண் ஏதாவது பாத்தீங்களா?" என்று கேட்டாள் ஜெயசுதா.

"போலீஸ் அனுப்பினது ரெண்டுதான்."

அரசு வக்கீல் எழுந்தார். "கனம் கோர்ட்டாரவர்களே, விஞ்ஞானம் பொய் சொல்லாது."

"பொய்யின்னு நான் சொல்லலீங்க," என்று எதிரிக் கூண்டிலிருந்து சாலம்மாளின் குரல் வந்தது. "அதுகிட்ட நீங்க கேட்டதுதான் கம்மி."

"கேட்டால் மட்டும் பேசம்மா," என்றார் மாஜிஸ்திரேட் அம்மா.

"அஞ்சு மாசமா யாருமே கேக்கலீங்களே."

மாஜிஸ்திரேட் வேறு இடத்து மண்ணையும் சோதிக்கக் கேட்டு ஜெயசுதா நீட்டிய மனுவைப் பார்த்தார். அனுமதித்தார். கோர்ட்டு அமீனா சாலம்மாளோடு போய் ஐந்து இடத்தில் மண் எடுத்தார். பொட்டலத்தின் மேல் எண் மட்டும்தான். எது எந்த இடம் என்று எழுதிய தாளை உறையில் போட்டு ஒட்டி முத்திரை வைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்துத் தமிழரசன் மறுபடி வந்தார். முதல் நான்கு பொட்டலமும் கொட்டகை மண்ணோடு பொருந்துகின்றன, ஐந்தாவது பொருந்தவில்லை என்றார். மாஜிஸ்திரேட் உறையைக் கிழித்துப் படித்தார்.

ஐந்தாவது, ஏரி வண்டல் போகாத தியாகதுருகம் கோட்டை மலை அடிவாரத்து மண். முதலாவது, நாராயணசாமி வீட்டுத் தென்னம்பாத்தி. இரண்டாவது, போலீஸ் ஸ்டேஷன் செம்பருத்திச் செடி. மூன்றாவது, அரசு வக்கீல் வீட்டு ரோஜாத் தொட்டி. நான்காவதைப் படிக்கும் முன் மாஜிஸ்திரேட் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார். கோர்ட்டு வராந்தாவில் குரோட்டன்ஸ் செடி செழிப்பாக நின்றது.

"இவங்கள்ளாம் கேபிள் திருடுனாங்கன்னு நான் சொல்ல மாட்டேங்க," என்றாள் சாலம்மாள். "மண்ண மட்டும் வச்சு ஒருத்தர அப்படிச் சொல்றது பாவம்."

தமிழரசன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் சோதனை சரிதாங்கம்மா. ஆனா யார் தோண்டினாங்கன்னு அத வச்சு சொல்ல முடியாது. இத முதல் ரிப்போர்ட்டுலயே நான் எழுதியிருக்கணும்."

தீர்ப்பு நாளில் ஊரே வந்திருந்தது. நாராயணசாமி கடைசி பெஞ்சில் துண்டை மடித்து வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். மாஜிஸ்திரேட் படித்தார்: "சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து, அவரை விடுதலை செய்து தீர்ப்பளிக்கிறேன்."

ஜெயசுதா கையெடுத்துக் கும்பிட்டாள். சாலம்மாள் கூண்டை விட்டு இறங்கவில்லை.

"யாருக்குங்க சந்தேகம்?"

"அது சட்டத்தில் எழுதும் முறையம்மா. உனக்கு விடுதலை. போகலாம்."

"எனக்குச் சந்தேகம் இல்லீங்க. மண்ணு பாத்த ஐயாவுக்கும் இல்ல. அந்தப் பலன் எனக்கு வேணாம். அத்த ஊருல படிச்சா, 'சந்தேகம் இருக்குதாம், பாவம்னு வுட்டாங்களாம்'னு தூக்குவாளிய இன்னும் உள்ள தள்ளி வைப்பாங்க. எழுதுறதுன்னா திருடலன்னு எழுதுங்க. இல்லன்னா நான் இங்கியே நின்னுக்கினு இருக்கேன்."

"அக்கா, வாங்க," என்று ஜெயசுதா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சாலம்மாள் கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நாற்பது டிராக்டர் மண்ணைச் சுமந்த கை. போலீஸ்காரர் ஒருவர் வந்து விரலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தன் விரலை உதறிக்கொண்டே போனார்.

மாஜிஸ்திரேட் தாளைப் பார்த்தார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, மேலே எழுதி, படித்தார்: "எதிரி இந்தத் திருட்டைச் செய்தார் என்பதற்கு எந்தச் சாட்சியமும் இல்லை. அவர் குற்றவாளி அல்ல."

"இன்னொரு தபா படிங்கம்மா," என்றாள் சாலம்மாள். "கடைசி பெஞ்சிக்குக் கேக்கல."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சத்தமாகப் படித்தார்.