அசையாத உதடு

எட்டு நாற்பதுக்குப் பயிற்சி அறையின் கதவைப் பூட்டிவிடுவார்கள். அவள் எட்டு முப்பத்தெட்டுக்கு உள்ளே வந்தாள்.

விடுதிகளுக்கு அறை பதிவு செய்து கொடுக்கும் அலுவலகம். ஆறு வருடம் அங்கே ஆங்கிலத் தொலைபேசி அழைப்புகளை எடுத்தவள். நான்கு மாதம் முன்பு குரல் தேர்வு என்று ஒன்று வந்தது. நடத்தியவர் அவளைவிடப் பத்து வயது இளையவர். ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் கைக்கண்ணாடியைப் பிடித்து ‘நோ’ சொல்லச் சொன்னார். ஆங்கிலத்தில் அந்த ஓகாரம் முடியும்போது உதடு குவிய வேண்டும். அவளுடையது தொடங்கிய இடத்திலேயே நின்றது. குளியலறைக் கண்ணாடி முன்னால் தாடை வலிக்கும்வரை பழகினாள். தேர்வை இரண்டு முறை வைத்தார்கள். இரண்டு முறையும் தோற்றாள். ஹெட்செட்டை வாங்கிக்கொண்டு மின்னஞ்சல் மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே கீபோர்டுச் சத்தம் மட்டும்தான்.

அலுவலகம் அவருக்குக் கண்ணாடி சார் என்று பெயர் வைத்தது. அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஸ்பானிஷ் பிரிவு திறப்பதாக அறிவிப்பு வந்தது. எட்டு இருக்கைகள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். வகுப்பு எடுத்தவரும் கண்ணாடி சார்தான். அவரே அந்த மொழியைப் படிக்கத் தொடங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

வீட்டில் துணி காயப்போடும்போதும் காதில் ஒலிப்பதிவு ஓடியது. அந்த மொழியில் பிறந்து வளர்ந்த பெண்களின் குரல்கள். உயிரொலி ஐந்தே ஐந்து. இழுப்பதில்லை, விழுங்குவதில்லை, முடிவில் உதடு குவிவதில்லை. கொட்டு என்பதில் வரும் ஒ. எட்டு என்பதில் வரும் எ. ஆங்கிலத்தில் அவளைத் தோற்கடித்த அதே குவியாத உதடு இங்கே சரி. முதல் நாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது.

“என்ன அண்ணி, பல் டாக்டர்கிட்ட உக்காந்த மாதிரி வாயைத் தொறந்து வெச்சிருக்கீங்க?” என்றாள் நாத்தனார்.

உதடு அசையாமல் பேசும் பாஷை என்று இவள் விளக்கினாள். அப்படியானால் அண்ணனைச் சேர்த்துவிடலாம், சாப்பாட்டு நேரம் தவிர அவருக்கு உதடே அசையாது என்றாள் நாத்தனார்.

இன்று தேர்வு. தோற்றவர்களை இனி எந்தத் தொலைபேசிப் பிரிவுக்கும் கூப்பிட மாட்டோம் என்று கடிதத்தில் எழுதியிருந்தது.

பலகையில் ‘எட்டு இரவுகள்’ என்பது ஸ்பானிஷில் இருந்தது. கண்ணாடி சார் ஒருமுறை படித்துக் காட்டினார். “ஓவ்ச்சோவ் நோவ்ச்சேய்ஸ்.” நாலு பேர் அதையே சொன்னார்கள். நாலு பேருக்கும் டிக் விழுந்தது.

அவள் முறை. கண்ணாடி முகத்துக்கு நேரே வந்தது.

“ஒச்சொ நொச்செஸ்.”

“பழைய தப்பு அப்படியே இருக்கு. உதட்டைக் குவிங்க.”

அவள் மறுபடியும் சொன்னாள். அதேபோல.

பக்கத்து இருக்கைக்காரி மேசைக்கடியில் காலை மிதித்தாள். “அக்கா, அவர் சொல்ற மாதிரி ஒரு தடவை சொல்லிடுங்களேன். சீட் கெடைச்சதும் எப்படி வேணும்னாலும் பேசிக்கலாம்.”

நியாயமான யோசனைதான். இரண்டு நொடி யோசித்தாள். ஆங்கிலத்தில் அவள் தோற்றது சரி. ஒத்துக்கொண்டு ஹெட்செட்டைக் கழற்றிக் கொடுத்தவள்தான். இது ஆங்கிலம் இல்லை.

ஒலிப்பதிவைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். நேரம் இல்லை, இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள் என்றார். அவள் கைபேசியை மேசைமேல் வைத்து அழுத்தினாள். ஒரு பெண்குரல் அவசரமில்லாமல் எட்டு இரவுகளைச் சொன்னது. ஒ குவியவில்லை. எ நீளவில்லை. அறை முழுவதும் கேட்டது. யாரோ இருமினார்கள்.

அவர்கள் ஊரில் எப்படி வேண்டுமானாலும் பேசுவார்கள், நமக்கு ஒரு முறை இருக்கிறது என்றார் கண்ணாடி சார். காது சிவந்திருந்தது. பேனாவைத் திறந்தார்.

“கடைசியா கேக்குறேன். நான் சொன்ன மாதிரி சொல்றீங்களா, இல்ல ஃபெயில்னு போடட்டுமா?”

அவள் எழுந்தாள். அவர் கையிலிருந்த கண்ணாடியை மெதுவாக வாங்கி, அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள்.

“நீங்க ஒரு தடவை சொல்லுங்க சார். உதடு அசையுதான்னு நான் பாக்குறேன்.”