ஒன்பது புள்ளி எட்டு

குமாரபாளையத்தில் தான் படித்த பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்துக்குள் கால் வைத்ததும் ஜெயப்பிரியாவுக்குப் பதினெட்டு வருஷம் எங்கேயோ போய்விட்டது. அதே ஸ்பிரிட் வாடை, அதே ஆடுகிற மேஜை, சுவருக்கு அப்பால் அதே விசைத்தறிச் சத்தம். அடடா, ஊசல் கட்ட வீட்டுத் தறியிலிருந்து கழிவு நூல் கொண்டுவந்ததென்ன, மேஜை டிராயரில் உப்பு மாங்காயை ஒளித்துவைத்துத் தின்றதென்ன! அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

வந்த வேலை வேறு. பள்ளிகளில் அறிவியல் செய்முறை நடக்கிற லட்சணத்தை ஆராய்ந்து, மதிப்பெண் போடும் முறையை மாற்றச் சொல்லி அறிக்கை எழுதுகிறாள். பழைய ரெக்கார்டு நோட்டுகளைத் தூசி தட்டிக் கொடுத்தவள் அமுதவல்லி. அன்றைக்கு ஒரே மேஜையில் நின்ற தோழி, இன்றைக்கு அங்கேயே ஆய்வக உதவியாளர்.

நோட்டுகளைப் புரட்டப் புரட்டச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. எந்த வருஷத்துப் பிள்ளையானாலும் சரி, ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 தான். விடையை முதலில் எழுதிக்கொண்டு, அதற்குத் தோதாக நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுவது ஊரறிந்த வழக்கமாயிற்றே! ஒரே ஒரு நோட்டில் மட்டும் 10.9. மேலே சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. அமுதவல்லியின் நோட்டு அது.

"அதத் தூக்கிப் போடு புள்ள, மானம் போவுது" என்று அமுதவல்லி கையை நீட்டினாள்.

ஜெயப்பிரியா நோட்டைக் கொடுக்கவில்லை. அந்தச் சோதனையன்றைக்கு இருவரும் ஊசலின் ஆட்டத்தை மாறி மாறி எண்ணினார்கள். ஒருத்தி குறித்ததை மற்றவள் பார்க்கவில்லை. இருவருமே தறிக்கார வீட்டுப் பிள்ளைகள். சுவருக்கு அப்பால் அடித்த தறியின் தாளத்தோடு சேர்ந்து எண்ணி, பத்தொன்பது ஆட்டத்தை இருபது என்று நிறுத்திவிட்டார்கள். அதனால் ஜெயப்பிரியாவுக்கும் 10.9 தான் வந்தது. வீட்டுக்குப் போய் அக்காவின் பழைய நோட்டைப் பார்த்து மாற்றி எழுதிக்கொண்டாள். தோழியிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் இயற்பியல் வாத்தியார் குமரகுரு சார், "ஏம்புள்ள, பூமி உன்னைய மட்டும் தனியா இழுக்குதா?" என்று அமுதவல்லியைக் கேட்டார். வகுப்பே சிரித்தது. ஜெயப்பிரியாவும் சிரித்தாள். சீ, அதுவும் ஒரு சிரிப்பா!

உள்ளதை உள்ளபடி எழுதிய ஒரே நோட்டு இதுதான். அறிக்கைக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. தன் கதையை மறைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துப் போட்டாலும் கேட்க ஆளில்லை. ஆனால் எதிரே நிற்பவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய அவளுக்கு மனசு வரவில்லை.

"அமுதா, அன்னிக்கு எனக்கும் பத்துப் புள்ளி ஒம்போதுதான்டி வந்துச்சு. ஊட்டுக்குப் போயி மாத்தி எழுதிட்டேன். உங்கிட்டச் சொல்லல."

அமுதவல்லி நோட்டை வாங்கித் தன் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட்டிருந்தால்கூட ஜெயப்பிரியா தாங்கியிருப்பாள்.

"பக்கத்துல நின்னு எண்ணுன உனக்குச் சரியா வந்துச்சு, எனக்கு வரலையேன்னு நெனச்சுத்தான் பிரியா, நமக்கு சயின்ஸ் ஏறாதுன்னு நான் பி.காம் சேந்தேன்."