வருகைத் தாள்

என் பெண்டாட்டி பாசிலியா தார்கி பாராளுமன்ற உறுப்பினர். எங்கள் மலையூர் உமாபம்பாவில் பதவி தனி ஆளுக்குக் கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் ஏற்க வேண்டும். பாராளுமன்றம் இருக்கும் லா பாஸ் நகரத்தில் அந்த வழக்கம் இல்லை. பதவியேற்பு நாளில் நானும் அவள் பக்கத்தில் நின்று கையை உயர்த்தினேன். இரண்டு காவலர்கள் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள். அன்றிலிருந்து உதவியாளன் என்று ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் அலைகிறேன்.

போன ஆண்டு ஒரு சுரங்கக் கம்பெனி எங்கள் ஊற்றின் மேல் கண் வைத்தது. ஊருக்கு வந்தார்கள், படம் காட்டினார்கள், கோழிச் சோறு போட்டார்கள், கடைசியில் ஒரு தாளை நீட்டினார்கள். எங்கள் ஊரில் கூட்டத்துக்கு வந்தவன் கையெழுத்துப் போடாமல் எழுந்து போகமாட்டான். பெயர் இல்லையென்றால் வரவில்லை என்று அர்த்தம். தண்டமாக ஒரு நாள் வாய்க்கால் வெட்ட வேண்டும். எண்பத்து மூன்று பேரும் வரிசையில் நின்று போட்டோம். முதல் கையெழுத்து பாசிலியாவுடையது. தலைப்பை ஒருவரும் படிக்கவில்லை.

"ஊற்றைக் கொடுக்கச் சம்மதிக்கிறோம்" என்பதுதான் தலைப்பு. அவளும் உறுப்பினராக இருக்கும் பாராளுமன்றச் சுரங்கக் குழுவின் கோப்பில் அதைப் பார்த்தபோது அவள் முகம் செத்துவிட்டது.

"என் கையாலயே தூக்கிக் குடுத்திருக்கேன்யா" என்றாள். பதினாறு வயதில் இதே நகரத்தில் பாத்திரம் தேய்த்தவள், எஜமானியம்மாவிடம் அடி வாங்கியும் அழாதவள். அன்றும் அழவில்லை. களைப்புக்கு நாங்கள் மெல்லும் கொகா இலையை வாயில் போட்டுக்கொண்டு அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அவங்க மட்டும் படிச்சுப் பாத்துட்டா போடறாங்க?"

குழு கூடிய காலையில் ஒரு தாளை என்னிடம் கொடுத்தாள். போன்சோக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேசை மேசையாகப் போனேன். குழுவில் மற்ற பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் நீட்டியது குழுத் தலைவர் டாக்டர் உர்கிதியிடம்; அவர் போனில் பேசிக்கொண்டே போட்டுவிட்டு, "ஏம்ப்பா, அப்படியே ஒரு காபி கொண்டா" என்றார். கொண்டுவந்தும் கொடுத்தேன்.

கூட்டம் தொடங்கியதும் அவர் எங்கள் ஊர்த் தாளைத் தூக்கிக் காட்டினார். "முதல் கையெழுத்தே உங்களோடதும்மா. இப்ப வந்து எதிர்க்கறீங்க. கையெழுத்துன்னா என்னன்னாவது தெரியுமா?"

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுது டாக்டர்" என்று எழுந்தாள் பாசிலியா. தன் தாளை உரக்கப் படித்தாள். "கீழே கையெழுத்திட்ட நாங்கள், எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளை உமாபம்பா மக்களுக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறோம்." அதை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள். "இதுலயும் முதல் கையெழுத்து உங்களோடதுதான். நாளைக்குக் கடப்பாரையோட வர்றோம். கேட்டைத் திறந்து வைங்க."

கூட்டத்துக்கு வந்திருந்த பத்திரிகைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். உர்கிதியின் காது சிவந்தது.

"இது மோசடி. வருகைத் தாள்னு நெனச்சுல்ல போட்டோம்."

"நாங்களும் அதையேதான் சொல்றோம். வந்ததுக்குத்தான் கையெழுத்து. எங்க ஊர்ல சம்மதம்னா எல்லாரும் எழுந்து நிக்கணும். அன்னிக்கு ஒருத்தரும் எழுந்து நிக்கல."

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் இரண்டு தாள்களும் அக்கம்பக்கமாக வந்தன. எங்கள் ஊர்த் தாள் செல்லாது என்று குழுவே சொல்ல வேண்டியதாயிற்று. ஊற்று தப்பியது. பாசிலியா தப்பவில்லை. அவையை அவமதித்தாள் என்று ஆறு மாதம் நீக்கினார்கள்.

உத்தரவைக் கொண்டுவந்த குமாஸ்தா அவசரப்படுத்தினான். "இங்க ஒரு கையெழுத்தும்மா."

அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். மறுபடியும் படித்தாள். அவன் கால் மாற்றி நின்றான். பிறகு பேனாவை வாங்கி எழுதினாள்: "வாங்கிக்கொண்டேன். ஒப்புக்கொள்ளவில்லை." அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"இவர் எதுக்கு?" என்றான் குமாஸ்தா.

"பதவி ரெண்டு பேருக்கும்" என்றாள் பாசிலியா. "போடுய்யா."

நானும் படித்துவிட்டுத்தான் போட்டேன்.