தையல் ஆறிய பிறகு

நன்னிலத்தில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. ஆபரேஷன் தியேட்டருக்குப் பின்னறையில் கத்தரி, கிடுக்கிகளைக் கழுவி, துணியில் கட்டி, கிருமி சாக ஆவி மெஷினில் வைப்பது பர்வினின் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. புருஷன் சமீர் துபாயில். எப்போதாவது லீவில் வருவான். ஊர் பழகுவதற்குள் கிளம்பிவிடுவான். சுவருக்கு அப்பால் பிறக்கும் பிள்ளைகளின் குரல் மட்டும் அவளுக்குக் கேட்கும். முகம் பார்க்க நேரமிருக்காது.

ஐப்பசி மழையில் வானதி என்ற பெண்ணுக்கு சிசேரியன் தையல் சீழ் பிடித்தது. முன்பே இரண்டு பேருக்கு அப்படி ஆகியிருந்தது. காய்ச்சலில் அவளால் பிள்ளையைத் தூக்க முடியவில்லை. அவள் புருஷன், மழையில் மூழ்கிய நடவு வயலில் தண்ணீர் வடிக்கப் போயிருந்தான். துணைக்கிருந்த அம்மாவுக்கு மகளைப் பார்ப்பதே சரியாக இருந்தது.

"வேலை முடிஞ்சா பேரனைக் கொஞ்சம் வச்சிருக்கியாம்மா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

பர்வின் உடை மாற்றி, முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். கழுத்தில் அவன் மூச்சு பட்டது. அதன் பிறகு தினமும் வேலை முடிந்ததும் கால்கள் தாமாகவே வார்டுக்குப் போயின.

சீழுக்குக் காரணம் தேடி டாக்டர் குந்தவை ஒருநாள் பின்னறைக்கு வந்து காலையிலிருந்தே நின்றார். ஆபரேஷன் முடிந்த கருவிகள் மதியம் வரை தட்டிலேயே கிடந்து, ரத்தம் காய்ந்து போயிருந்தன. கழுவிவைத்த கிடுக்கி ஒன்றை விரித்து லென்ஸில் பார்த்தார். மூட்டிடுக்கில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"மெஷின் சரியாத்தான் ஓடுது பர்வின். ஆனா அழுக்கு ஒட்டியிருந்தா, அதுக்கடியில இருக்கிற கிருமிய ஆவி தொடாது."

பர்வின் அந்தக் கிடுக்கியை வாங்கி இடுக்கைப் பார்த்தாள். "நான் கழுவுனதுதானே டாக்டர்..."

"காயவிட்டது நாங்க. இவ்வளவு வேலைக்கு உன்னை ஒத்த ஆளா விட்டதும் நாங்கதான். சேர்ந்து மாத்துவோம்."

மறுநாளிலிருந்து கருவிகள் தியேட்டரிலிருந்தே ஈரத்துணி மூடி வந்தன. துணைக்கு இன்னொரு பெண்ணையும் போட்டார்கள். ஒவ்வொன்றையும் விரித்து, மருந்து நீரில் ஊறவைத்து, இடுக்கிடுக்காகப் பிரஷ்ஷால் தேய்த்து, லென்ஸில் பார்த்து, ஈரம் போன பிறகுதான் பர்வின் கட்டினாள். தேய்க்கும்போதெல்லாம் வானதியின் முனகல் காதுக்குள் இருந்தது.

வானதியின் புண் ஆறியது. ஊருக்குக் கிளம்பும்போது பர்வினின் தோளிலிருந்த பிள்ளைக்குக் கை நீட்டினாள். "உங்ககிட்ட மட்டும் எப்படிக்கா தூங்குறான்?"

"முதுகைத் தட்டிக்கிட்டே நடக்கணும். நின்னா முழிச்சிக்குவான்." சொல்லிக்கொண்டே இன்னும் நாலு எட்டு நடந்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

"எங்க ஊரு பேரளம்தான்க்கா. அவசியம் வாங்க."

பிறகு யாருக்கும் சீழ் பிடிக்கவில்லை. தாய்மார்கள் எழுந்து தங்கள் பிள்ளைகளைத் தாங்களே தூக்கிக்கொண்டார்கள். பர்வினை யாரும் வார்டுக்குக் கூப்பிடவில்லை. அத்தனை பாடும் இதற்குத்தான், சந்தோஷம்தான். ஆனாலும் சாயங்காலமானால் தோள் எதையோ தேடியது.

சித்திரையில், அறுப்பு முடிந்து காய்ந்துகிடந்த வயல்களைத் தாண்டிப் பேரளம் போனாள். பிள்ளை அவளை உற்றுப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், அழுதபடி வானதியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"மறந்துட்டான்க்கா. கொஞ்சம் இருங்க, வந்துடுவான்."

"வேணாம் வானதி, அழவிடாத. உன்கிட்டயே இருக்கட்டும்."

திரும்பும் பஸ்ஸில் சமீருக்குப் போன் செய்தாள். ஒன்பது வருஷமாகத் தொண்டை வரை வந்து நின்றது வெளியே வந்தது.

"மச்சான், லீவுல வர்றது போதும். ஒரேயடியா வந்துடுங்க. எனக்குப் பிள்ளை வேணும். நீங்களும் வேணும்."

ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுவுறியா?"

"இல்ல, பஸ்ஸு காத்து."

"முதலாளிகிட்ட இன்னைக்கே பேசுறேன்" என்றான் சமீர். அவன் குரலும் உடைந்திருந்தது. பர்வின் போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.