டூப்ளிகேட்

மாமா லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, தப்புப் பண்ணிய பிள்ளை மாதிரி ஒதுங்கி நின்றார். அவர் மனைவி, என் அக்கா, ஆசை ஆசையாகச் சேர்த்துவைத்த பாட்டுகள். பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஓர் ஆச்சரியக்குறி. எதைத் தொட்டாலும் கோப்பைக் காணவில்லை என்றே வந்தது.

"என்ன மாமா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா இறந்தபின் அந்த வீட்டில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. மாமா ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். ஒரே சாமான் இரண்டு அலமாரியில் இருந்தால் மனிதருக்குத் தூக்கம் வராது. அக்காவோ சீப்பை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிறவள். அவள் கண்டபடி போட்டுவைத்த பாட்டுகளை மாமா புது ஃபோல்டரில் அழகாக அடுக்கியிருந்தார். பட்டியல் மட்டும் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தது.

"பாட்டு எங்கயும் போகல மாமா. வீடு மாத்தினத அதுகிட்ட நீங்க சொல்லல, அவ்வளவுதான்."

ஒரு பாட்டுக்குப் புது இடத்தைக் காட்டினேன். மற்றதையும் அங்கேயே தேடவா என்று கேட்டது. சரி என்றதும் ஆச்சரியக்குறிகள் மளமளவென்று மறைந்தன. மாமா டீ போடட்டுமா என்றார்.

ஒன்று மட்டும் மறையவில்லை. பட்டியலில் அதே பெயரில் இரண்டு வரிகள் இருந்தன. மேலே இருந்தது பாடியது, கீழே இருந்தது பாடவில்லை. கீழ் வரியில், பாடியவர் பெயர் வரவேண்டிய இடத்தில் "நான்தான்" என்று இருந்தது. அக்கா சமையலறையில் நின்று பாடிப் பதிவு செய்தது. அவள் குரல் என்று எங்களிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

"மாமா, இதே பேர்ல இன்னொண்ணு இருந்துதா?"

"இருந்துச்சு. பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு. சின்னத டூப்ளிகேட்டுனு அழிச்சுட்டேன்."

"கேட்டுப் பாக்கலியா?"

"பேரு ஒண்ணாத்தானே இருந்துச்சு..." என்றபடி குனிந்து பார்த்தார். அந்த ஒற்றைச் சொல்லைப் படித்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

அழித்தவை போய்ச் சேரும் குப்பைத்தொட்டியையும் துடைத்து வைத்திருந்தார். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. பாட்டைப் பதிவு செய்த அக்காவின் போனும் அவளோடு விபத்தில் நொறுங்கிப்போனது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நன்றாகக் கத்தியிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

"இந்த வரிய எடுத்துடவா மாமா?"

"வேணாம்மா. இருந்துட்டுப் போகட்டும்."

மேலே இருந்ததை அவரே ஓடவிட்டார். தேர்ந்த பாடகி, பிசிறில்லாத குரல். இரண்டாவது சரணத்தின் நடுவில் சட்டென்று நிறுத்தினார்.

"அவ பாடினதுல, இங்க வரி மறந்துபோய் சிரிப்பா."

விரலை எடுக்காமல் காத்திருந்தார். அவள் சிரித்து முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு பாட்டை விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டார்.